போனில் இருந்த உயிர்

உயிர்தேடிகள் என்று ஓர் இனம் உண்டு. இவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஆத்ம விசாரம் செய்பவர்களும் அல்லர்; எங்கள் திருவண்ணாமலையில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் அதிகம். ஒரு காரியத்தை முதல் தடவை ஏனோதானோவென்று செய்துவிட்டு, பிறகு அதையே நாலு பேரைக் கூட்டி, நாள் குறித்து, கருவியெல்லாம் கொண்டுவந்து இறக்கி, ஒழுங்காகச் செய்து முடித்தபின், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது... ஆனா மொதல்ல இருந்த உயிர் இதுல இல்லியே" என்று சொல்பவர்கள்தான் உயிர்தேடிகள். வீடு கட்டுகிறவர்களில் இவர்கள் உண்டு. பிரியாணி கிளறுகிறவர்களில் நிச்சயம் உண்டு. ஆனால் இந்த இனம் உரம் போட்டது போலச் செழித்து வளர்வது, மண்வாசனைப் பாட்டைத் தானே எழுதித் தானே மெட்டுப் போட்டுத் தானே பாடி ஆல்பம் வெளியிடுகிறவர்களிடம்தான்.

உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிப் போகும் ஒரு தெருவில், மாடியில் பாலாஜியின் ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருக்கிறது. கீழ்வீட்டில் நான் குடியிருக்கிறேன். சத்தம் வெளியே போகக் கூடாது என்று ஸ்டுடியோவின் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். தரையில் ஒட்டவில்லை.

நான் கண்ட உயிர்தேடிகளில் முதல் மரியாதைக்கு உரியவர் அறிவுச்செல்வன். பகலில் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறார். சட்டையைக் கழற்றி ஜிப்பா மாட்டிவிட்டால் மண்ணின் பாடகர். நல்ல மனிதர். நல்ல குரலும்கூட, அதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு 'மண்' வரும். டீயில் சர்க்கரை போட்டால் மண்ணின் சுவை போய்விடும் என்பார். பாடும்போது பாதம் மண்ணில் பட வேண்டும் என்று செருப்பைக் கழற்றிவிடுவார். மாடியில் மண் ஏது என்று கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் இருக்கும். பாட்டைவிட அது நீளம்.

முதல் ஆல்பம் வந்தபோது, ஒத்திகையில் இருந்த உயிர் ஆல்பத்தில் இல்லை என்றார். இரண்டாவது வந்தபோது, முதல் ஆல்பத்தில் இருந்த உயிர் இதில் இல்லை என்றார். மூன்றாவதற்கு வாத்தியக்காரர்களை வரவழைத்தார். சென்னையிலிருந்து கிதார் குமரேசன் வந்தான். விளம்பரத்துக்கு, சீரியலுக்கு, எதற்குக் கூப்பிட்டாலும் வந்து வாசித்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற பையன்.

"சார், பாட்டு எந்த ஸ்கேல்?"

"ஸ்கேலா? மண்ணுக்கு ஏது தம்பி ஸ்கேலு?"

"சரி சார். நீங்க பாடுங்க, உங்க மண்ணு எந்த ஸ்கேல்ல இருக்குதுனு நானே கண்டுபுடிச்சுக்கிறேன்."

கண்டுபிடித்தும் விட்டான். ஆனால் தாளத்துக்காகப் பாலாஜி காதில் ஓடவிட்ட டிக் டிக் ஓசையை அறிவுச்செல்வன் ஏற்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வீசினார். "என் மூச்சுதான்டா தாளம்!" மூச்சோ இரண்டாவது சரணத்தில் ஏறும், மூன்றாவதில் இறங்கும். பின்னால் ஓடுவது குமரேசன் பாடு. கூத்தில் பம்பை அடிக்கிற வேடியப்பனுக்கு வேறொரு கட்டளை போனது.

"ரொம்ப சுத்தமா வாசிக்கிறீங்கண்ணா. கொஞ்சம் ராவா, பழகாதவன் மாரி வாசிங்க."

"அதுக்குப் பழகாதவனையே கூப்பிட்டிருக்கலாமே சார்? எனக்கு ஆரணில கூத்து இருக்குது."

இந்தக் கூட்டத்தில் வாயே திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள் கவிநிலா. அடி அண்ணாமலைப் பெண். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பாட்டு மல்லாட்டையைப் பற்றியது; வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவுச்செல்வன் செடியைப் பிடுங்கப் போகிறவராகப் பாடுவார்:

*மண்ணுக்குள்ள முகம் மறைச்ச மல்லாட்டையே – என்*
*மாமன் வந்து கேக்குறானே வெளிய வா*

அதற்கு மல்லாட்டை பதில் சொல்லும். மல்லாட்டைதான் கவிநிலா:

*ஈரம் காஞ்சா வரமாட்டேன் போகச் சொல்லு – ஒரு*
*மழை பெஞ்சா நானே வாரேன் பொறுக்கச் சொல்லு*

மொத்தமே நாலு வரி. ஓர் ஆல்பத்தில் அவள் குரல் வருவது இதுதான் முதல் தடவை. அவள் அப்பா இருசப்பனுக்குக் கிரிவலப் பாதையில் கடை. தண்ணீர் பாட்டில், கற்பூரம், சோடா. வருகிற பௌர்ணமிக்கு மகள் பாடிய பாட்டைக் கடையில் போடப் போகிறோம் என்று புது ஸ்பீக்கர் பெட்டி வாங்கிவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார். சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, கிரிவலம் வந்தால் நம் கடைப் பக்கம் நின்று கேட்டுவிட்டுப் போகும்படி உத்தரவே போட்டிருந்தார்.

பாட்டை ஒலிப்பதிவு செய்தார்கள். நான் கீழே இருந்து கேட்டேன். நன்றாக இருந்தது. மறுபடி செய்தார்கள். இன்னும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் ஒரு சடங்கு நடக்கும். அறிவுச்செல்வன் கண்ணை மூடிக் கேட்பார். எல்லோரும் அவர் புருவத்தைப் பார்ப்பார்கள். பாட்டு முடியும். அப்புறம் ஜிப்பா பையிலிருந்து போனை எடுத்து, "இப்ப இதக் கேளுங்க" என்பார்.

அந்தப் போனில்தான் அவருடைய உயிர் இருந்தது. அடி அண்ணாமலைப் பக்கம் வண்டியை ஓரம் கட்டி நின்றபோது இந்தப் பாட்டு அவருக்கு உதித்ததாம். உதித்தவுடனே போனை எடுத்துப் பாடி வைத்துக்கொண்டார். மல்லாட்டையின் பதிலையும் அவரே பாடியிருந்தார். நடுவில் ஒரு டவுன் பஸ் ஆரன் அடிக்கும். ஒரு மயில் அகவும். யாரோ ஒரு புண்ணியவான், "ஒரு டீ, சக்கரை கம்மி" என்பார்.

"கேட்டீங்களா? அந்தச் சக்கரை கம்மியில எவ்ளோ உயிர் இருக்குது பாருங்க!"

அந்த உயிரை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவர அவர்கள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்? பாலாஜி கம்ப்யூட்டரில் தேடி ஒரு மயில் குரலை எடுத்துப் போட்டான். இது வடக்கத்தி மயில் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டார். வேடியப்பனைச் சக்கரை கம்மி சொல்ல வைத்தார்கள். அவர் கூத்துக்காரர் அல்லவா? ராஜா டீ கேட்டது போல இருந்தது. பஸ் ஆரனுக்காக ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துத் தெருவில் ஒரு சைக்கிள்கூட மணி அடிக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் அறிவுச்செல்வன் தீர்ப்பு வழங்கினார். "நான் முடிவு பண்ணிட்டேன். போன்ல இருக்கறத அப்படியே ஆல்பத்துல போட்டுடலாம்."

கவிநிலா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அண்ணா, அப்ப என்னோட நாலு வரி?"

"அதுலதான் மல்லாட்டையும் நானே பாடிட்டேனேமா. நீ நல்லாத்தான் பாடுன. அடுத்த ஆல்பத்துல பாத்துக்கலாம்."

அவள் இறங்கி வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காருங்க. பௌர்ணமி அன்னிக்கு ஸ்பீக்கர்ல என் குரல் வரலைனா நான் இன்னானு சொல்றது?" என்றாள். அத்தனை நாளும் மேலே நடந்ததற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதர் தன் உயிரைத் தேடுவதில் தப்பில்லை. அதற்காக இன்னொருத்தர் குரலையா மிதித்துக்கொண்டு போவது?

அவள் என்னைவிடப் புத்திசாலி. கோபப்படாமல், படியிலேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அறிவுச்செல்வன் அலுவலகத்துக்குக் கிளம்பியதும் மேலே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"பாலாஜிண்ணா, நேத்து முடிச்ச மிக்ஸ ஸ்பீக்கர்ல போடுங்க. ஜன்னலத் தொறங்க. ஃபேன ஜாஸ்தி வைங்க."

ஃபேனுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தன் போனை வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். அத்தனை நாளாக ஊமையாக இருந்த தெருவில் ஓர் ஆட்டோ ஆரன் அடித்துக்கொண்டு போனது. என் பங்குக்குக் கீழே என் வீட்டுக் குக்கர், இரண்டாவது சரணத்தில் சரியாக விசில் அடித்தது. பதிவை அப்படியே அறிவுச்செல்வனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "அண்ணா, மொத நாள் ஒத்திகையில எடுத்தது. என் போன்ல சும்மா கெடந்துச்சு."

மனிதர் அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தார். படியேறும்போதே குரல் தழுதழுத்தது.

"டேய் பாலாஜி! இத்தினி நாளா இது எங்கடா இருந்துச்சு? இந்த விசில் வருது பாரு! எங்கியோ ஒரு வூட்ல ஒல கொதிக்குது. இதான்டா மண்ணு! கவிநிலா, மல்லாட்டைன்னா நீதாம்மா. இதுல நான் பாடுறதவிட நீ பாடுறதுலதான் உயிர் ஜாஸ்தி!"

அது என் வீட்டில் வெந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கு.

பாக்கி வேலைக்காக வந்திருந்த குமரேசனையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மொத நாள் நீ எப்படி வாசிச்சிருக்கே பாரு தம்பி! இதுலதான் நீ நீயா இருக்கே!"

"மொத நாள் நான் வரவே இல்..." என்று ஆரம்பித்தான் குமரேசன். பாலாஜி அவன் காலை மிதித்தான். அந்த ஃபேன், ஆட்டோ, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்து அப்படியே ஆல்பத்தில் ஏறியது.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போனவன், அடி அண்ணாமலையில் இருசப்பன் கடையில் நின்றேன். எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. நடந்து போகிறவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்று முழுசாகக் கேட்டார். மல்லாட்டையின் பதில் வந்தபோது, "இது எங்க கவிநிலா, எங்க கவிநிலா" என்று இருசப்பன் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கவிநிலா கற்பூரப் பொட்டலங்களை அடுக்கியபடி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரப் புகை காரணமில்லை.

பாட்டு முடிந்தது. இருசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா நீ வூட்ல பாத்திரம் வெளக்கிக்கினே பாடுவ பாரு... அதுல இருந்த உயிர் இதுல கொஞ்சம் கம்மிதான்."

கவிநிலா என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். இது தொற்றும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். புது வீட்டுக்குப் போன பிறகு பழைய வாடகை வீட்டின் காற்றைப் பற்றிப் பேசியவர் யார்? கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, பெண் பார்க்க வந்தபோது எடுத்த மங்கலான போட்டோவில்தான் களை இருந்தது என்று மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர் யார்? சரி, அதையெல்லாம் விடுங்கள். இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்துவிட்டு, "எழுதினது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆரம்பத்துல இருந்த உயிர் கடைசியில இல்லியே" என்று இந்த நிமிஷம் உதட்டைப் பிதுக்குகிறீர்களே, வாருங்கள், வாருங்கள். உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.