மாமாவின் மட்டைக்குள் போட்ட ஈயம்

சகலனைப் பார்த்துப் பொறாமைப்படாத ஆண் ஒன்றில் துறவியாக இருக்க வேண்டும், அல்லது ஒற்றைப் பெண் உள்ள வீட்டில் கல்யாணம் செய்திருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. என் மனைவியின் அக்கா கணவருக்கு வங்கியில் பெரிய உத்தியோகம், நல்ல உயரம், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. (தலைமுடியும் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.)

அது யுத்த காலம். நானும் மனைவியும் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தோம். சகலன் குடும்பம் ஹெவ்லொக் டவுனில் வாடகைக்கு. அப்போது வெள்ளவத்தையில் மாமா வீட்டு மேல்மாடி காலியானது. எந்த மருமகனுக்குக் கொடுப்பார்? மாமாவுக்கு ஓய்வுபெற்றபின் கோல்ஃப் பைத்தியம். நானோ விளையாட்டுச் சாமான் கடையில் கோல்ஃப் மட்டைகளுக்குத் தலையும் பிடியும் பூட்டுகிறவன். மேல்மாடி எனக்கென்றே இருந்தேன். அந்த நேரம் பார்த்து சகலன் லண்டன் போய்வந்து, பளபளவென்று ஒரு மட்டையை மாமாவிடம் நீட்டினார்.

என் வயிறு எரிந்ததைச் சொல்லி மாளாது. ஆனால் கடவுள் கைவிடவில்லை.

"தம்பி, இதை வீசேக்க தலைப்பக்கம் பாரமே தெரியேல்லை. ஒருக்காப் பாரும்" என்றார் மாமா.

எனக்கு உடனே விளங்கியது. மாமாவுக்குக் கை வியர்க்கும் என்று சகலன் மொத்தமான ரப்பர் பிடி போட்டு வாங்கியிருந்தார். பிடி பாரமானால், வீசும்போது தலை லேசாகத் தெரியும். தலைக்குப் பின்னால் ஒரு துண்டு ஈயப் பட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் பட்டி ஒட்ட சகலனாலும் முடியுமே! மேல்மாடிக்கு அது காணாது. ஆகவே தலையைச் சூடாக்கிக் கழற்றி, மட்டையின் தண்டான இரும்புக் குழாயின் நுனிக்குள் ஈயத்தூள் போட்டுத் திரும்ப ஒட்டினேன். தூள் குழாய்க்குள் ஓடாமல் ஒரு தக்கையும் இறுக்க வேண்டும். அதை மறந்துவிட்டேன். மனம் மேல்மாடியில் யன்னல் சீலை தொங்கவிட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை மாமா, சகலன், நான் மூவரும் சகலனின் காரில் (ஓம், காரும் இருந்தது) மைதானத்துக்குப் புறப்பட்டோம். வழியில் செக்பொயிண்ட். டிக்கியில் படுக்கவைத்திருந்த மட்டையை ஆமிக்காரர் ஒருவர் எடுத்தார். உள்ளே 'சர்ர்ர்' என்றது.

"மேக மொகக்த?" இது என்னவென்று கேட்கிறார்.

நான் வாய் திறக்குமுன் மட்டையின் தலை மேலே வரும்படி நிமிர்த்தினார். பிடியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே கறுத்த தூள் ஒழுகி அவருடைய பூட்சில் கொட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துப்பாக்கிகளும் பார்த்தன.

என் சிங்களம் கடையில் பாண் வாங்கப் போதும். இரும்புக் குழாய்க்குள் ஏன் ஈயத்தை நிரப்பினாய் என்பதற்குப் பதில் சொல்லப் போதாது. மாமாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். சகலன் இறங்கினார். இரண்டு வசனம் கதைத்தார், ஆமிக்காரர்களின் அதிகாரி சிரித்தார். மூன்றாவது வசனத்தில் சகலனுக்கு உட்காரக் கதிரை வந்தது. நான்காவதில் பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வந்தன.

"தலையைக் கழட்டிக் காட்டட்டாம்" என்றார் சகலன் என்னிடம்.

"சூடாக்காமல் கழலாது அண்ணை."

"அப்ப அவையின்ர அடுப்பிலை வையுங்கோ. பயப்பிடாதேங்கோ, நான் சொல்லிப்போட்டன்."

அவர்கள் தேநீர் வைக்கும் அடுப்பில் லண்டன் மட்டையின் கழுத்தை வாட்டினேன். ஆமிக்காரர்கள், மாமா, சகலன் எல்லோரும் மணல் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள். (அவ்வளவு நம்பிக்கை.) பஸ்ஸில் போன சனம் எட்டிப் பார்த்தது. ஒருவழியாகத் தலை கழன்றது. பளபளப்பு கருகியிருந்தது. மிச்சத் தூளைப் பேப்பரில் கொட்டிக் காட்டினேன். வெறும் ஈயம் என்று கண்டு போகவிட்டார்கள். பயத்தைவிட எனக்கு எரிச்சல்தான் அதிகம். சகலனுக்கு மட்டும் என்ன கருப்பட்டி?

அன்று பின்னேரமே மாமா தீர்ப்புச் சொன்னார்.

"மேல்மாடி சின்ன மருமகனுக்குத்தான்." நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பெரியவர் எங்கை இருந்தாலும் சமாளிச்சுக்கொள்ளுவார். இவர் என்ர கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும். தனிய விட்டா என்ன செய்வாரெண்டு சொல்லேலாது."

"கிடைச்சதே பெரிசு. வாயை மூடிக்கொண்டு சாமானைக் கட்டுங்கோ" என்றாள் மனைவி.

அங்கேதான் மகள் பிறந்தாள். பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு சகலன் ஒரு வெள்ளிக் கிலுகிலுப்பை கொண்டுவந்தார். சபையில் அதை ஆட்டிக் காட்டி, "பயப்பிடாதேங்கோ தம்பி, இதுக்குத் தக்கை போட்டிருக்கு" என்றார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. இன்றைக்கும் நான் கொடுக்கும் எந்தப் பரிசையும் சொந்தக்காரர்கள் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறார்கள்.

மகளோ பல் முளைக்கும்வரை அந்தக் கிலுகிலுப்பையைக் கீழே வைக்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்ததையெல்லாம் தூக்கி எறிந்தாள். ஒருநாள் அதை ஒளித்துக் கடைக்குக் கொண்டுபோய், மட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். பிடிக்கும் தலைக்கும் பாரம் அச்சொட்டாகச் சமமாக நின்றது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.