ஏகாதசி இருந்த பல்லி

மாமனார் வீட்டில் நல்ல பெயர் எடுப்பது சுலபம்; எந்தப் பொறுப்பையும் ஏற்காமல் இருந்தால் போதும். கல்யாணமான புதிதில் எனக்கு இந்த ஞானம் இல்லை.

திருச்சிக்கு வேலை மாற்றலாகி, வீடு கிடைக்கும்வரை ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டில் தங்கியிருந்தேன். மனைவியின் தம்பி கிஷோர் பயிற்சிக்காகப் பெங்களூரு போனபோது, கண்ணாடித் தொட்டியில் வளர்த்த தன் செல்லப் பல்லியை என்னிடம் ஒப்படைத்தான். மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள். பெயர் குட்டிம்மா.

"அத்திம்பேர், உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றான். (பாவம், சின்னப் பையன்.)

ஏகாதசியன்று அது புழுவைத் தொடவில்லை. நான் பதறினேன். மாமனாரோ பூரித்துப்போனார்.

"உபவாசம் இருக்கு மாப்பிள்ளை. நம்மாத்துல வளர்றதோன்னோ?"

பக்கத்து வீட்டு மாமிகள் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் துவாதசி. விரதம் முடிக்கும் பாரணைக்கென்று மாமனார் துளி அகத்திக்கீரையைத் தொட்டிக்குள் வைத்தார். நான் தடுக்கவில்லை (புது மாப்பிள்ளைக்குத் தைரியம் ஏது?). அது கீரையையும் சீண்டவில்லை. உடம்பு வேறு வெளுத்துக்கொண்டே வந்தது. செத்துவிட்டால் கிஷோர் முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்கும் சோறு இறங்கவில்லை.

டிபன் டப்பா மூடியில் ஓட்டை போட்டு, பல்லியை உள்ளே வைத்து, மாமனாரும் நானும் ஆட்டோவில் திருச்சிக்கு, கால்நடை டாக்டரிடம் போனோம்.

"எங்க, காட்டுங்க" என்றார் டாக்டர். நான் மூடியைத் திறக்கவும், மூச்சு இருக்கிறதா என்று மாமனார் குனியவும் சரியாக இருந்தது. சாகக் கிடந்த குட்டிம்மா ஒரே தாவலில் அவர் உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டது.

தலையில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று, தினமும் பஞ்சாங்கம் பார்க்கிறவருக்குச் சொல்ல வேண்டுமா? (உயிருக்கு ஆகாது.) கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கேட்டார்:

"மாப்பிள்ளை, வளர்க்கிற பல்லிக்கும் அதே பலன்தானா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க. தோல் உரிக்கப் போகுது, அதான் சாப்பிடலை. உரிச்ச தோலை அதுவே தின்னுடும், பயப்படாதீங்க."

வீடு திரும்பியதும் மாமனார் தலைக்குக் குளித்துவிட்டுப் பெருமாளைச் சேவிக்க ஓடினார். அவர் வரும்போது குட்டிம்மா தன் தோலை ரசித்துத் தின்றுகொண்டிருந்தது.

"பாரணை ஆயிடுத்து" என்றேன்.

அதற்கான பதிலை மாமனார் இன்றுவரை தவணை முறையில் தருகிறார். அந்த வீட்டில் நான் "போதும்" என்று இலையைக் கையால் மறைத்தால், பரிமாறும் மாமியாரிடம் சொல்வார்: "வற்புறுத்தாதே. மாப்பிள்ளை தோல் உரிக்கப் போறார்."