இருபத்து மூன்றாம் பக்கத்து ஓட்டை

அன்பும் மதிப்பும் மிகுந்த என் மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன், ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரன், கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் முழங்கால்கள் நீங்கலாக நலம். அங்கே நீங்களும், உங்கள் பிளாஸ்டிக் உறைகளும், அவற்றுக்குள் குடியிருக்கும் வீராதிவீரர்களும் ஈரம் படாமல், பூச்சி அண்டாமல் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நூலக மாடியில் நீங்கள் வைக்கப்போகும் ‘முதல் தோற்றங்கள்’ காமிக்ஸ் கண்காட்சியின் அழைப்பிதழ் கிடைத்தது. உறைமேல் என் பெயர் மட்டும் இருந்தது. உங்கள் அக்கா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “உங்களுக்குத்தான் வந்திருக்கு” என்று மேசைமேல் வைத்துவிட்டு, ஏற்கெனவே துடைத்த அடுப்பை இன்னொரு முறை துடைத்தாள். நாற்பத்தைந்து வருஷமாக இதே கதைதான். வீட்டுக்கு வருகிறீர்கள், என்னோடு உலகத்து விஷயம் எல்லாம் பேசுகிறீர்கள், அக்கா ஏதாவது கேட்டால் மட்டும் “ம்”, “இல்ல”, “போதும்” என்று மூன்றே வார்த்தை. எல்லாம் அந்த நாற்பத்தொன்றாம் இதழால் வந்தது. காந்தக்கையன் முதன்முதலாகத் தலைகாட்டிய கட்டத்தை அவள் கத்தரித்துவிட்டாள் என்பது உங்கள் வழக்கு. மாமியார் வீட்டு விவகாரத்தில் வாய் கொடுப்பதில்லை என்று கல்யாணத்தன்றே முடிவெடுத்தவன் நான். ஆனால் அந்த அடுப்பைப் பார்த்தபிறகு மனசு கேட்கவில்லை.

ஓட்டையில்லாத நாற்பத்தொன்று ஒன்றைத் தேடிப்பிடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போனேன், கட்டுக் கட்டாகப் பிரித்துத் தும்மித் தும்மி, ‘41’ என்று அட்டையில் கண்டதும் பாய்ந்து எடுத்து, வீடுவரை நெஞ்சோடு அணைத்து வந்து, கண்ணாடி போட்டுப் பார்த்தால் அது ரோஜாச்செடிக்கு உரம் வைப்பது பற்றிய மாத இதழ். அடுத்ததாக ஒரு ஆசிரியை வீட்டுப் பரண்மேல் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏணி போட்டு ஏறினேன், ஏறியது நான், இறங்கியது ஏணி மட்டும், அந்த அம்மா பள்ளியிலிருந்து திரும்பும்வரை பரண்மேல் உட்கார்ந்து அவர்களுடைய பழைய விடைத்தாள்களைத் திருத்தினேன். கடைசியில்தான் பழைய காமிக்ஸ் விற்கும் ஒரு வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் மாடி, ஜன்னலில் கறுப்புத் துணி. உள்ளே போனதும் கை கழுவச் சொன்னார். நகத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பிடுங்கி வெளியே வைத்தார்.

“காந்தக்கையன் வர்ற முதல் புத்தகம் வேணுங்க.”

“எந்த முதல்? அட்டையில முதலா, பேரோட முதலா, முகமூடியோட முதலா, இல்ல சும்மா நிக்கிற முதலா?”

“ஒரு ஆளு ஒரு தடவைதானே பொறக்க முடியும்?”

“பொறக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன்ல தெரியுதுல்ல? அதுதான் நாப்பத்தொண்ணு.”

என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டார். பிறகு ஒரு தட்டையான பெட்டியைத் திறந்து, “மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்றார். முப்பத்தெட்டு வருஷம் நான் ஊருக்கெல்லாம் சொன்னதை எனக்கு ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பிடித்தேன்.

இருபத்து மூன்றாம் பக்கம், வலது கீழ்மூலை, உள்ளங்கை அகலம். ரயில் நிலையம். முன்னால் யாரோ ஒரு பறக்கும் வீரன், இன்று அவன் பெயர் அவனைப் படைத்தவருக்கே நினைவிருக்காது. பின்னால் கூட்டத்தில் பெட்டி சுமக்கும் கூலியாள் ஒருவர், வியர்வை வழிய நிற்கிறார். முகமூடி இல்லை, பெயர் இல்லை, பேச்சும் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்மணியின் குடை மட்டும், கம்பியெல்லாம் வளைந்து, மெல்ல அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பெண்மணிகூட அதைப் பார்க்கவில்லை. “வரைஞ்சவருக்கே அப்ப தெரியாது சார். மூணு வருஷம் கழிச்சுத்தான் இவர்தான் அவர்னு சொன்னாங்க” என்றார் வியாபாரி, ஏதோ பிரசவ அறை வாசலில் பேசுகிற குரலில்.

மைத்துனரே, எனக்குப் புல்லரித்துப்போயிற்று. கண்ணில் நீர் வந்தது, அதுவும் சொட்டிவிடக்கூடாதே என்று தலையை அண்ணாந்துகொண்டேன். நீங்கள் இத்தனை வருஷமாக எதைச் சேர்க்கிறீர்கள் என்று அன்றுதான் விளங்கியது. நான் உங்களைப் பொம்மைப்புத்தகக்காரர் என்று பின்னால் கேலி பேசியதை எல்லாம் மன்னிக்கவும். எனக்கும் ஒரு முதல் தோற்றம் உண்டு. உங்கள் அக்காவின் இடது மணிக்கட்டு, மயிரிழை விரிசல், பேருந்துப் படியில் வழுக்கி விழுந்தது. அன்று பதினேழாவது படம் அது. முகத்தை நிமிர்ந்து பார்த்தது அப்புறம்தான். அந்தக் குடையைப் போலத்தான் நானும் சாய்ந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அந்தப் படத்தை உங்கள் அக்கா தன் இரும்புப்பெட்டியில் வைத்திருக்கிறாள், வந்ததும் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். வியாபாரி பக்கத்தைத் திருப்பினார். காந்தக்கையனின் முதுகில், அதே அளவில், ஒரு விளம்பரக் கூப்பன்: ‘சுவருக்கு அப்பால் பார்க்கலாம்! அதிசய எக்ஸ்ரே கண்ணாடி! இதை வெட்டி அனுப்புங்கள்!’ எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, “புத்தகத்துமேல ஊதாதீங்க!” என்று வியாபாரி அலறினார். புரிகிறதா? உங்கள் வீரனை யாரும் வெட்டவில்லை. கண்ணாடிக்கு ஆசைப்பட்டு வெட்டியிருக்கிறார்கள், பின்னால் நின்ற பாவத்துக்கு அவர் போனார். அந்தப் பிரதியை விலைக்குக் கேட்டேன். “அது என் கண்ணு மூடினப்புறம்தான் இந்தக் கதவைத் தாண்டும்” என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம் கேட்டேன். மேசைமேல் இருந்த அழைப்பிதழை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். பிறகு, “ஆமா, நான்தான் வெட்டினேன்னு எழுதுங்க. பன்னிரண்டு வயசுல புத்தி அவ்வளவுதான்னு எழுதுங்க. மன்னிச்சுக்கச் சொல்லுங்க” என்றாள். எதிரே உட்கார்ந்து இதுவரை எழுதியதை எல்லாம் படித்துப் பார்த்துத் தலையாட்டியும் விட்டாள். ஆகவே ஒரு சிறுமி அறியாமல் செய்த பிழையைப் பொறுத்து, அவளுக்கும் ஓர் அழைப்பிதழ் அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சேகரிப்பு நூறாண்டு மங்காமலும், உங்கள் இடுப்புவலி நாளைக்கே மங்கியும் போக எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்தில், நூலில் கட்டிய பேனாவால் எழுதுகிறேன். உங்கள் அக்காவுக்குத் தெரியாது. மேலே எழுதிய வாக்குமூலம் பொய்.

அந்த இரும்புப்பெட்டியில் மணிக்கட்டுப் படத்தோடு ஒரு பழைய தபால் உறையும் இருந்தது. ‘தபால்தலை போதாது, அனுப்பியவருக்கே’ என்று முத்திரை. ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. நான் பிரிக்கவில்லை, ஆஸ்பத்திரி கழித்துக்கட்டியபோது வீட்டுக்குக் கொண்டுவந்த என் எக்ஸ்ரே விளக்குப்பெட்டிமேல் வைத்துப் பார்த்தேன். ஒரு குடை தெரிந்தது. அதன் குறுக்கே, மறுபக்கத்துக் கூப்பனில், ஒன்பது வயதுக் கையெழுத்தில் உங்கள் பெயர், உங்கள் வகுப்பு, உங்கள் விலாசம்.

தபால்காரரிடம் அதை வாங்கியவள் அவள்தான். புத்தகத்தை வெட்டியதற்கு அப்பா உங்களை அடிப்பாரே என்று ஒளித்துவைத்தாளாம். மூன்று வருஷம் கழித்து, காந்தக்கையன் பெரிய ஆளானபிறகு, நீங்கள் வெட்டியதையே மறந்துபோய், ஓட்டையைக் கண்டு அழுது புரண்டபோதுதான் அந்த உறைக்குள் யார் இருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்ததாம். “அவனே வெட்டினான்னு தெரிஞ்சா தாங்கமாட்டான். என்னைத் திட்டினா ரெண்டு நாள்ல சரியாயிடும்னு இருந்தேன்” என்றாள். உங்களிடம் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

உறை பத்திரமாக இருக்கிறது. நேரில் வந்து அவள் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். “ம்”, “இல்ல”, “போதும்” மூன்றோடு “அக்கா” என்று நான்காவதாக ஒரு வார்த்தையும் எடுத்துவாருங்கள். நான் இந்த வீட்டு மாப்பிள்ளையாகி இத்தனை வருஷத்தில் அதை உங்கள் வாயிலிருந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.