முகப்பேர் மகத்துச் சிங்கம்

பெயரைக் கேட்பதற்கு முன்னால் ராசியைக் கேட்கிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே இருக்கிறது. உங்களுக்கும் அவர்களைத் தெரியும். பழைய ரகத்து ராசிக்காரராவது, "ஏழரை நடக்குதே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இப்போது வந்திருக்கும் புது ரகம் அப்படி விடுவதில்லை. ராசியைக் கேட்டு, அதற்கு ஒரு காட்டு மிருகத்தைச் சொல்லி, ஆபத்து வந்தால் அந்த மிருகம் பாயுமா பதுங்குமா என்று விளக்கி, அதனால்தான் போன மாதம் உங்கள் மேனேஜரிடம் நீங்கள் அப்படிப் பேசினீர்கள் என்று முடித்து, உங்களை வாலும் கொம்புமாக நிறுத்திவிட்டுத்தான் நகரும். இத்தனையும் லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்குப் போவதற்குள்.

முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் தட்சிணாமூர்த்தி இந்த இனத்தில் உயர்ந்த ஜாதி. சொந்த ஊர் திண்டிவனம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். ஒருமுறை கம்பெனி அவரை ஏற்காட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே டை கட்டிய ஒருவர், மனிதர்களில் நாலு வகை, நாலுக்கும் நாலு மிருகம் என்று படம் போட்டுக் காட்டினார். மற்றவர்கள் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டோடு அதை மறந்துவிட்டார்கள். தட்சிணாமூர்த்திக்கு மட்டும் நாலு போதவில்லை. கையில் பன்னிரண்டு ராசி இருக்க, நாலு மிருகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மலை இறங்கும் வேனிலேயே காட்டைப் பன்னிரண்டாகப் பிரித்துவிட்டார்.

சிம்மத்துக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. அது அவருடைய ராசி. மக நட்சத்திரம் வேறு. மகம் ஜெகத்தை ஆளும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? துலாத்துக்கு யானை, ஒரே பாதையில் போகும், குறுக்கே வீடு கட்டினால் இடிக்கும். கன்னிக்கு மான், எப்போதும் காதைத் தூக்கிக்கொண்டு நிற்கும், இலை அசைந்தால் ஓடும். மனைவி சுலோசனா கன்னி ராசி. ஆகவே அவர் மான். இது அந்த வீட்டில் முடிந்துபோன விஷயம். குடிதண்ணீர் லாரிக்காரன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது காம்பவுண்டுச் சுவரை இடித்துவிட்டு, "சுவர் ஏன் இங்க இருக்குது" என்று கேட்டபோது, கீழே இறங்கிப்போய் அவனோடு சரிக்குச் சரி நின்று சுவரைக் கட்டித்தர ஒப்புக்கொள்ள வைத்தது அந்த மான்தான். சிங்கம் அப்போது பாத்ரூமில் இருந்தது.

எதிர்வீட்டு செபாஸ்டியனையும் அவர் விடவில்லை. செபாஸ்டியன் ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர், லேத் பட்டறை வைத்திருப்பவர், யாரிடமும் முகம் சுளிக்காதவர்.

"எங்க ஊட்ல ஞானஸ்நானத் தேதிதான் சார் கரெக்டா தெரியும். ராசில்லாம் ஏது?" என்றார்.

"பிறந்த நேரம் சொல்லுங்க போதும்" என்று செல்போனில் தட்டி, ரிஷபம் என்று கண்டுபிடித்து, "காட்டெருமை. கன்னுக்குட்டிகளை நடுவில விட்டுட்டு வெளிய வட்டமா நின்னு காக்கும்" என்றார் தட்சிணாமூர்த்தி.

"எருமைன்னு நேரா சொல்லேன் சார். இன்னாத்துக்கு காட்டச் சுத்திக்கினு வர்ற?"

செபாஸ்டியனின் மனைவி ஹில்டா பள்ளிக்கூட டீச்சர். அவருக்கு விருச்சிகம் வந்தது. கருநாகம் என்று சொல்ல வாயெடுத்த தட்சிணாமூர்த்தி, டீச்சரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மலைப்பாம்பு என்று மாற்றிச் சொன்னார். அது எவ்வளவோ சாது என்றும் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து ஹில்டா லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறிப் போகிறார். படியேறுவதும் விருச்சிகத்தின் குணம்தான் என்பது தட்சிணாமூர்த்தியின் கருத்து.

இந்த இனத்தோடு வாதாடவே முடியாது, கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் ஒப்புக்கொண்டால் அது உங்கள் ராசிக் குணம். மறுத்தால் பார்த்தீர்களா, மறுப்பதுதான் உங்கள் ராசிக் குணம். பேசாமல் போனால் பதுங்குகிறீர்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் வாலும் கொம்பும் மாட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தவருக்குச் சோதனை மகள் வழியாக வந்தது.

வர்ஷா கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் விஷ்ணு என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக ஒருநாள் சொன்னாள். ஐயப்பன்தாங்கலில் வீடு, நல்ல குடும்பம், அப்பா அம்மா இருவரும் தங்கமானவர்கள். சுலோசனாவுக்குப் பிடித்துவிட்டது. தட்சிணாமூர்த்தியும் ஜாதி, சம்பளம், சொந்த வீடு என்று எதையும் கேட்கவில்லை. அந்த மட்டும் பெரிய மனிதர்தான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பையன் என்ன ராசி?"

கடகம்.

தட்சிணாமூர்த்தி செய்தித்தாளை மடித்து வைத்தார். அவருடைய காட்டில் கடகத்துக்கு அழுங்கு. நண்டுக்கு ஓடு இருக்கிறது, காட்டில் உடம்பெல்லாம் ஓடு மூடிய பிராணி அழுங்கு. எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். ஆபத்து வந்தால் அது ஓடாது, பாயாது, கத்தாது. தலையை வயிற்றுக்குள் வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். ஆபத்து அதுவாக அலுத்துப் போகிறவரைக்கும் அப்படியே கிடக்கும்.

"நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா உன்னை முன்னால விட்டுட்டு அவன் சுருண்டுக்குவான். சிங்கத்தோட பொண்ணு அழுங்குக்குப் போறதா?"

விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் வர்ஷா முதலில் நினைத்தாள். பையனை வரச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றாள். அவனும் வந்தான். பழக்கூடையோடு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

"தம்பி, ஆபத்து வந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

"எந்த மாதிரி ஆபத்து அங்கிள்?"

"பொதுவா. ஆபத்து."

விஷ்ணு யோசித்தான். "முதல்ல நூத்திஎட்டுக்கு போன் பண்ணுவேன்."

சுலோசனாவுக்கு இதைவிட நல்ல பதில் இருப்பதாகத் தோன்றவில்லை. தட்சிணாமூர்த்தியோ பையன் படியிறங்குகிற சத்தம் ஓய்வதற்குள், "பார்த்தியா, சுருண்டுட்டான்" என்றார்.

வர்ஷா கோபமாகப் பேசவில்லை. "அப்பா, அவனைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது அவன் பொறந்த தேதி ஒண்ணுதான். எனக்கு மீதி எல்லாம் தெரியும்" என்றாள். அதற்கப்புறம் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். காலையில் அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, தட்சிணாமூர்த்தி வாசலில் நின்று தொண்டையைச் செருமிப் பார்ப்பார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். தனுசு ராசி, செந்நாய், கூட்டமாக இல்லாவிட்டால் கடிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டாலும் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் முத்தாபுதுப்பேட்டைக்குப் போயிற்று. அங்கே அவருடைய அக்கா பார்வதம் இருக்கிறார். தம்பிக்கு நல்ல புத்தி சொல்லுங்கள் என்று சுலோசனா போன் செய்ததும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். வந்ததும் தண்ணீர் குடித்தார், விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், தம்பியின் முழு விளக்கத்தையும் கேட்டார். அழுங்கு, ஓடு, சுருளுவது, சிங்கம், மகம், ஜெகம்.

"யாருடா மகம்?" என்றார் பார்வதம்.

"நான்தான் அக்கா."

"நீ எங்கடா மகம்? நீ ஆயில்யம்."

தட்சிணாமூர்த்தி சிரித்தார். அக்காவுக்கு வயதாகிவிட்டது என்ற சிரிப்பு. பார்வதம் சிரிக்கவில்லை.

"நீ பொறந்தது ராத்திரி. நான் பக்கத்துல இருந்தவடா. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதும்பாங்க. ரெண்டு எடத்துல பொண்ணு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. சுலோசனா வீட்டுல பேச்சு வந்தப்ப, தரகர்தான் பொறந்த நேரத்தை விடிகாலைன்னு மாத்தி எழுதுனாரு. ஆயில்யத்துக்கு அடுத்தது மகம். பக்கத்து வீட்டுக்குக் குடி போன மாதிரி அப்படியே நகர்த்தி வச்சோம்."

"அப்போ என் ராசி?"

"ஆயில்யம்னா கடகம்தானேடா? பன்னெண்டு ராசிக்கும் கதை சொல்றே, இது தெரியாதா?"

தட்சிணாமூர்த்தி சுலோசனாவைப் பார்த்தார். அவர் அதிர்ச்சி அடைந்தவராகத் தெரியவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமான புதுசுலயே உங்கம்மா சொல்லிட்டாங்க. எங்கம்மா இன்னிக்கும் செய்யாறுல முறுக்கைக் கடிச்சுத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்காங்க. அப்புறம் அதை எதுக்குக் கிளறணும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சிங்கம்னு நினைச்சுக்கிட்டிருந்தா கொஞ்சம் நிமிர்ந்தாவது நடப்பீங்கன்னு விட்டுட்டேன்."

தட்சிணாமூர்த்தி எழுந்தார். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குழாயைத் திறந்து பக்கெட்டில் விட்டுவிட்டு, மூடிய கம்மோடின் மேல் உட்கார்ந்தார்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. லாரிக்காரன் சுவரை இடித்த அன்றும் இங்கேதான் உட்கார்ந்திருந்தார். வண்டி நிறுத்தும் இடத்துக்காக அசோசியேஷன் செயலாளர் பாஸ்கரனோடு சண்டை வந்தபோதும் இங்கேதான். கம்பெனியில் ஆடிட் நடந்து முதலாளி சத்தம் போட்ட அன்று அங்கிருந்த பாத்ரூம். சிங்கம் அவசரப்படாது, பதுங்கிப் பார்க்கும் என்று அதற்கெல்லாம் விளக்கம் வைத்திருந்தார். இப்போது தாழ்ப்பாளைப் பார்த்தார், முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்து உட்கார்ந்திருக்கும் தன்னையும் பார்த்தார். பக்கெட் நிரம்பி வழிந்தது. குழாயை மூடினார். உள்ளே திடீரென்று அமைதியாகிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் காடு மாறுவது லேசான காரியமா?

கதவு தட்டப்பட்டது.

"அப்பா, சாப்பிட வாங்க."

வர்ஷாவின் குரல். அவள் பேசி எவ்வளவு நாளாயிற்று. அவர் உள்ளிருந்தபடியே கேட்டார்.

"உனக்கும் முன்னாடியே தெரியுமா?"

"என்னது?"

"நான் சிங்கம் இல்லைன்னு."

"தெரியாதுப்பா. ஆனா சிங்கம்னு நான் நினைச்சதும் இல்ல."

"பின்ன என்னன்னு நினைச்சே?"

"அப்பான்னுதான். வாங்க, சாம்பார் ஆறுது."

தட்சிணாமூர்த்தி முகத்தைக் கழுவினார். தாழ்ப்பாளைத் திறந்தார். சாப்பாட்டு மேஜையில் மூன்று பெண்களும் அவருக்காகக் காத்திருந்தார்கள். பார்வதம் அப்பளத்தை உடைத்து அவர் தட்டில் வைத்தார். ரசம் ஊற்றும் கட்டம் வந்தபோது தட்சிணாமூர்த்தி, "விஷ்ணுவோட அப்பா நம்பர் யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டார். வர்ஷா செல்போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து அவரே பேசினார். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்றும் சொன்னார். சிங்கமாக இருந்த காலத்தில் அவர் இப்படி இறங்கிப் பேசியதே கிடையாது.

இத்தோடு அவர் திருந்திவிட்டார், காட்டைக் கலைத்துவிட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலையில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல்பதிவு வந்தது. அழுங்கைப் பற்றி உலகம் இதுநாள்வரை தவறாக நினைத்திருக்கிறதாம். சுருண்ட அழுங்கைச் சிங்கம் கடித்தால் பல்லுக்குத்தான் சேதமாம். காட்டில் உண்மையான வீரன் ஓடுகிறவனும் இல்லை, பாய்கிறவனும் இல்லை, இருந்த இடத்திலேயே இருந்து எதிரியை அலுக்க வைக்கிறவனாம். சிங்கம் நாளில் பெரும்பகுதி தூங்குகிற பிராணியாம், வேட்டைக்குப் பெண்சிங்கம்தான் போகுமாம். இதைக் கேட்ட செயலாளர் பாஸ்கரன், சிம்ம ராசிக்காரர், இதுவரை தட்சிணாமூர்த்தியின் முதல் சீடர், அந்த நிமிஷமே குழுவை விட்டு வெளியேறினார்.

லிஃப்டில் செபாஸ்டியன் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், நேத்து வரைக்கும் சிங்கம், இன்னிக்கி அழுங்கு. எனக்கும் ஒரு சான்ஸ் குடுத்து யானை ஆக்கிவுடு சார். எருமையாவே கீறேன், ஊட்ல மரியாதை இல்ல."

"யானை வேணும்னா துலாம் ஆகணும். நீங்க பொறந்த நேரம் சரிதானான்னு வீட்ல கேட்டுப் பாருங்க" என்றார் தட்சிணாமூர்த்தி, முழு நம்பிக்கையோடு.

நிச்சயதார்த்தத்தில் விஷ்ணுவைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். "அப்பா என்ன சொன்னாங்க?" என்று வர்ஷா கேட்டதற்கு, "சரியாப் புரியல. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஓடுன்னாரு. நல்லதுதானே?" என்றான் பையன். நல்லதுதான் என்றாள் அவள்.

மனிதரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, இல்லையா? இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவரா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மேலே ராசிகள் வந்த இடங்களில் உங்கள் ராசி இருக்கிறதா என்று கண்ணை ஓடவிட்டீர்களே, அது எதற்காக? கும்பமும் மீனமும் வரவில்லையே என்று உங்களில் சிலருக்குச் சின்ன மனத்தாங்கல்கூட உண்டு. ரிஷபக்காரர்கள் எருமையைப் படித்துவிட்டு, அது எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டீர்கள். சரி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். நீங்கள் பிறந்தது பகலா, ராத்திரியா? அதை உங்களுக்குச் சொன்னது யார்?