கோ நிஞ்ஜா படத்தில் யாரும் சாகமாட்டார்கள்

ரங்கூன் தமிழர்களில் ஜப்பான் மொழியைக் கோ நிஞ்ஜா அளவுக்குச் சரளமாக மொழிபெயர்த்தவர் யாருமில்லை, இனிமேல் ஒருவர் பிறந்து வரப்போவதும் இல்லை. அந்த மொழியில் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பது ஒரு சின்னக் குறை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதே கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அரசாங்கம் காலேஜ்களை இழுத்து மூடியிருந்ததால் என்னைப் போன்றவர்களுக்குத் தெரு சுற்றுவதைத் தவிர வேறு படிப்பு இல்லை. ரங்கூனின் தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தெரு முனையில் இருந்தது அவருடைய வீடியோ கொட்டகை. தகரக் கூரை, மர பெஞ்சுகள், ஒரு டெக், ஒரு கலர் டிவி. யாரோ கப்பல்காரர் கொடுத்துவிட்டுப் போன ஜப்பான் கார்ட்டூன் டேப்புகள்தான் மூலதனம். எல்லாமே நிஞ்ஜா கதை. கறுப்புத் துணியால் மூஞ்சியை மூடிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுகிற ஆசாமிகள். அதனால் அவருக்கு அந்தப் பெயர். முன்னால் நிற்கும் 'கோ' அண்ணன் என்பதற்குப் பதில் பர்மாவில் நாங்கள் போடுகிற மரியாதை.

கார்ட்டூன் என்றால் பச்சைக் குழந்தைகளுக்கானது என்று எங்கள் தெருத் தாய்மார்கள் நம்பினார்கள். பாவம், அதில் டீ குடித்து முடிப்பதற்குள் நாலு தலை உருளும். வெட்டுப்பட்ட கை தனியாகப் பறந்துபோய் மரத்தில் ஒட்டிக்கொள்ளும். கோ நிஞ்ஜா டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, கிழவன் முதல் குமரி வரை அத்தனை பாத்திரங்களுக்கும் தானே தமிழில் பேசுவார். அவர் கதையில் யாரும் சாகமாட்டார்கள். விழுந்தவன் எல்லாம் மயங்கி விழுந்தவன்.

"அண்ணே, ரத்தம் வருதே?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு பொடியன் கேட்பான்.

"ரத்தமாவது ஒண்ணாவது. குன்யா போட்டுத் துப்புறான்டா."

குன்யா என்றால் வெற்றிலைப் பொட்டலம். எங்கள் ஊரில் அதை மென்று துப்பாத வாயும் இல்லை, சிவக்காத தெருவும் இல்லை. ஆகவே பொடியன் பாதி சமாதானமாவான்.

"கழுத்துலேர்ந்து வருதேண்ணே?"

"ஜப்பான்காரன் அப்படித்தான் துப்புவான். நீ போய்ப் பாத்தியா?"

அந்த நிஞ்ஜாக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த அடி அடிக்கப் போகிறோம் என்பதை அடிப்பதற்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தி அறிவிப்பார்கள். கோ நிஞ்ஜா அதைக் குசலம் விசாரிப்பாக மாற்றிவிட்டார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஒருவன் கத்தியோடு பாய்வான். "உங்க புண்ணியத்துல" என்று மற்றவன் இரண்டாகப் பிளந்து விழுவான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உருளுவோம்.

இப்பேர்ப்பட்டவருக்குக் காதல் வந்தது. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிற ஸ்டெல்லா டீச்சர். டீச்சருக்குப் பூரண சம்மதம். குறுக்கே நின்றவர் டீச்சரின் அப்பா சவரிமுத்து, ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க். தூங்கும்போதுகூடக் காலர் பொத்தானை அவிழ்க்கமாட்டார் என்று பேச்சு.

"தலையை வெட்டுற படம் காட்டிப் பொழைக்கிறவனுக்கு என் பொண்ணு கிடையாது" என்றார் அவர்.

"டாடி, ஒரே ஒரு வாட்டி வந்து பாருங்க. அப்புறமா சொல்லுங்க" என்று டீச்சர் அழுதார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு தலை விழுந்தாலும் சம்பந்தப் பேச்சு அத்தோடு சரி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோ நிஞ்ஜா எங்கெங்கோ அலைந்து ஒரு புனிதரின் சரித்திர டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சவரிமுத்து குடையோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் டீச்சர். பின்னால் மொத்தத் தெரு. புனிதர் ஞானஸ்நானம் பெறுவதற்குள் டெக் அந்த டேப்பைக் கடித்து நாராக்கித் துப்பிவிட்டது. கையிலிருந்த இன்னொரு டேப், இருப்பதிலேயே படுமோசமான நிஞ்ஜா. கோ நிஞ்ஜா சிலுவை போட்டுக்கொண்டு அதைச் செருகினார்.

முதல் காட்சியிலேயே ஒரு தலை போயிற்று.

"பெரியவரைப் பாத்ததும் தொப்பியைக் கழட்டி மரியாதை பண்றாரு" என்றார் கோ நிஞ்ஜா.

"தொப்பிக்குள்ள கண்ணு மூக்கெல்லாம் இருக்கே?" என்றார் சவரிமுத்து.

"முகம் மூடுற தொப்பிங்கய்யா. அந்த ஊர்ல குளிரு ஜாஸ்தி."

ஒருவழியாகக் கதாநாயகன் ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தான். குறுக்கே, நரைத்த குடுமியோடு கத்தியை உருவிக்கொண்டு பெண்ணின் அப்பா. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. எங்களுக்கு அது பழகின சங்கதி, எழுந்து டீக்கடைக்குப் போகவேண்டியதுதான். ஆனால் கோ நிஞ்ஜா நிறுத்தவில்லை. வெறும் டிவியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"'ஐயா, நான் ஏழை. வாய்ப்பேச்சைத் தவிர எனக்கு ஒரு வித்தையும் தெரியாது. ஆனா உங்க பொண்ணை ஒருநாளும் அழவிட மாட்டேன்'னு அந்த நிஞ்ஜா சொல்றான்."

குரல் நடுங்கியது. டீக்கடைக்குக் கிளம்பியவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள்.

"அதுக்கு அந்தப் பொண்ணோட அப்பன் என்ன சொல்றான்?" என்றார் சவரிமுத்து.

"அது... கரண்டு வந்தாத்தாங்கய்யா தெரியும்."

கொஞ்ச நேரத்தில் 'மீ லா பி' என்று தெருவே கத்தியது. விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கோ நிஞ்ஜா டெக்கை அழுத்தினார். குடுமிக்காரர் கத்தியை ஒரு வீசு வீசினார். மாப்பிள்ளையின் வலது கை தோளோடு கழன்று பறந்தது. திரை முழுக்கச் சிவப்பு. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் கல்யாணம் நின்றுபோனது போலத்தான் இருந்தது.

கோ நிஞ்ஜா எச்சில் விழுங்கினார்.

"'கையைக் கொடு மாப்ளே'ன்னு கேட்டாரு. அவனும் கொடுத்துட்டான்."

சவரிமுத்துவின் தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தோம். பார்த்தால் மனுஷர் சிரிக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, 'யபாதே' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பர்மியச் சொல்லில் இப்படி ஒரு வசதி. 'பரவாயில்லை, விட்டுத் தொலை' என்பதற்கும் யபாதேதான், 'சரி, ஆகட்டும்' என்பதற்கும் யபாதேதான். பெரியவர் எதை நினைத்துச் சொன்னாரோ, கோ நிஞ்ஜா விசாரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க டீ வாங்கிக் கொடுத்து, பெரியவர் சம்மதித்துவிட்டார் என்று பரப்பிவிட்டார். மறுநாள் பார்த்தவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொன்னபோது, நான் சொன்னது அந்த யபாதே இல்லை என்று சவரிமுத்துவால் எப்படிச் சொல்ல முடியும்? கல்யாணத்தன்று சாமியார் கோ நிஞ்ஜாவின் நிஜப் பெயரை வாசித்தபோது, மாப்பிள்ளை யாரோ என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பெயர் அப்போதே மறந்துபோயிற்று.

பிறகு அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினுக்குக் குடிபோனார்கள். பல வருஷம் கழித்து நடைபாதைக் கடையில் அதே படத்தின் டிவிடி என் கையில் கிடைத்தது, அடியில் வசனம் இங்கிலீஷ் எழுத்தில் ஓடுகிற மாதிரி. குறும்பு யாரை விட்டது? வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோ நிஞ்ஜாவுக்கு இங்கிலீஷ் வராது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் பழைய டேப்பில் இல்லாத கடைசிக் காட்சி இதில் இருந்தது. பூ உதிர்கிற மரத்தடியில் ஒரு கல்லறை, அதன் முன்னால் தனியாக அந்தப் பெண். கோ நிஞ்ஜா முதன்முறையாகத் திகைத்துப் போனார்.

"என்ன சொல்றா? படி."

'நீங்கள் இல்லாத உலகில் இனி எனக்கு யாருமில்லை' என்று திரையில் எழுதியிருந்தது.

"'டீ ஆறுது, சீக்கிரம் எழுந்திரிச்சு வாங்க'ன்னு எழுதியிருக்கு" என்றார் டீச்சர்.

கோ நிஞ்ஜா என் பக்கம் திரும்பினார். "நீ இங்கிலீஷ் படிச்சவன். சரியாத்தான் சொல்றாளா?"

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அது தேவையே இல்லை. அந்த மனுஷரை நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் பாசமும் சேர்ந்து வரும்.

"எழுத்துக்கு எழுத்து சரிண்ணே" என்றேன்.