ராகவேந்திரன் துடைத்த கிருஷ்ணன்

துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது அழுக்கு இல்லை, கிருஷ்ணனுடைய முகம் என்பது ராகவேந்திரனுக்கு இரண்டாவது துடைப்பில்தான் தெரிந்தது.

எதிரே, படத்திலிருந்து கழற்றிய தேக்குச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆதம்பாக்கத்துத் தச்சர் ஏசுராஜ் உட்கார்ந்திருந்தார். சட்டத்தின் ஒரு மூலை உளுத்திருந்தது. அதைச் சரிசெய்யத்தான் அவரை வரவழைத்திருந்தார்.

"ஆணி ஒண்ணு கூட இல்ல சார். கோத்தே நிறுத்திக்கீறான். இன்னா பொறுமை பாருங்க," என்று சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "சார், இன்னா பண்ணீங்க?"

"பின்பக்கம் ஒரே தூசி. ஈரத் துணியால லேசா..."

"கண்ணாடிப் படத்துக்குப் பின்பக்கம்தான சார் பெயிண்டே இருக்கும்."

ராகவேந்திரன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தவழும் கிருஷ்ணன், மனைவி ஜெயலக்ஷ்மி பிறந்த வருடம் அவளுடைய அப்பா சொல்லிச் செய்வித்தது. கல்யாணமானதும் அவளோடு கூடவே மயிலாப்பூர் வீட்டுக்கு வந்துவிட்டது. தினமும் அவள் கிருஷ்ணன் முகத்தில்தான் விழிப்பாள். ராகவேந்திரனின் முறை காபிக்குப் பிறகு. இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுவாள்.

அவருக்கும் அது வெறும் படம் இல்லை. பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணைப் பார்க்க வெட்கப்பட்டு அரை மணி நேரம் அந்தக் கிருஷ்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் பக்தி ஜாஸ்தி என்று அந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கூடமும் சொஜ்ஜி வாசனையும் அவருக்கு நினைவுக்கு வந்தன.

ஏசுராஜ்தான் வழி சொன்னார். கோடம்பாக்கத்தில் மாளவிகா என்று ஒரு பெண், கண்ணாடி ஓவியம் வரைகிறாள். அவளுக்குச் சட்டம் செய்து கொடுப்பவர் இவர்தான்.

முகத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, புதுக் கண்ணாடியில் முழுசாக வரைய வேண்டும் என்று மாளவிகா பழைய போட்டோ கேட்டாள். போன கோகுலாஷ்டமிக்குப் படத்தின் கீழே மனைவியோடு நின்று எடுத்ததை ராகவேந்திரன் ஃபோனில் காட்டினார். அவள் முதலில் கண்ணை வரைந்தாள், பிறகு திலகம், பிறகு நகை. உடம்பின் நீலம் அதற்கெல்லாம் பின்னால் வந்தது.

"மத்த படத்துல கடைசியா பண்றத இதுல முதல்ல பண்ணணும் சார். தப்பு பண்ணிட்டு மேல பூசி மறைக்க முடியாது."

கண்ணாடியின் மறுபக்கத்தில் ஒரு குழந்தை கண் திறப்பதைப் பார்த்தபடி அவர் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனார். முகத்தைத் துடைத்த கையைக் கொஞ்ச நேரம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை படத்தை வாங்கப் போனார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா வெண்ணெய் இடது கையில இருக்கே. வலது கையில இருக்கணும்."

"போட்டோல இடது கைதான் சார்."

"போட்டோவ விடும்மா. பொண்ணு பார்க்கப் போன அன்னிலேர்ந்து எனக்கு மனப்பாடம். முப்பத்தாறு வருஷம் பேங்க்ல கையெழுத்து ஒத்துப் பார்த்த கண்ணும்மா இது."

மாளவிகா போட்டோவைப் பெரிதாக்கினாள். "உங்க சட்டைப் பை வலது பக்கம் இருக்கு, பாருங்க. இது செல்ஃபி. ஃபோன் எல்லாத்தையும் இடம் வலம் மாத்திடுச்சு. நான் கவனிக்கல சார்."

"அப்போ கண்ணாடியத் திருப்பி மாட்டிட்டா?"

"திருப்பினா கிருஷ்ணரே தெரிய மாட்டார். பின்னால கடைசியா பூசின பச்சை பெயிண்ட்தான் தெரியும்."

புதிதாக வரைய ஆறு நாள் வேண்டும். விடிந்தால் வெள்ளி.

ஏசுராஜ் படத்தைச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்தார். புது மூலை எது, பழைய மூலை எது என்று தடவிப் பார்த்தும் தெரியவில்லை. அதை ரசிக்கும் நிலையில் ராகவேந்திரன் இல்லை. மாட வீதிக்கு ஓடி, இருந்ததிலேயே பெரிய மாலையை வாங்கி வந்து சாத்தினார். வெண்ணெய் மறைந்தது, மூக்கும் மறைந்தது.

"சாமி மூச்சு விட முடியாது சார்," என்றார் ஏசுராஜ்.

மாலையை இறக்கினால் வெண்ணெய் எட்டிப் பார்த்தது. மறுபடி ஏற்றினார்.

பதினைந்து வருடமாக வீட்டு வேலைக்கு வரும் பேச்சியம்மாள் படத்தை உற்றுப் பார்த்தாள். "சார், இந்தக் கையி..."

"அம்மாகிட்ட மூச்சு விடாதே."

"இந்த வீட்டு விஷயம் எதையும் நான் யாராண்டயும் சொன்னது கிடையாது சார்."

வெள்ளிக்கிழமை காலை ஜெயலக்ஷ்மி பெட்டியை வைத்துவிட்டு நேரே கூடத்துக்கு வந்தாள்.

"ஏன்னா, எதுக்கு இவ்ளோ பெரிய மாலை? முகமே தெரியலையே."

மாலையை எடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் நீர் கட்டியது.

"எங்கப்பா ஆத்துல பார்த்துண்டே இருப்பேனே, அதே மாதிரி இருக்குன்னா."

குத்திக்காட்டுகிறாள் என்று ராகவேந்திரனுக்குப் பட்டது. ஈரத் துணி, செல்ஃபி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"என்ன வேணா சொல்லு ஜெயா. நாப்பது வருஷமா வலது கையில இருந்த வெண்ணெய், என்னாலதான் இடது கைக்குப் போயிடுத்து. உங்கப்பா ஞாபகமா இருந்த ஒண்ணையும் அழிச்சுட்டேன்."

ஜெயலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. அவள் பார்வை அவரைத் தாண்டிப் பேச்சியம்மாளிடம் போயிற்று.

பேச்சியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"இனிமே மறைச்சு இன்னாம்மா ஆவப்போவுது? ஆறு வருசம் முன்னாடி நீங்க ஈரத்துணி போட்டு அழிச்சிட்டு சாருக்குத் தெரியாம புதுசா வரைய வெச்சீங்களே உங்கப்பா குடுத்த சாமி, அவரு எடது கையிலதான வெண்ணெய் வெச்சிகினு இருந்தாரு."