பாதி வழியில் இறங்கிய விமானம்

போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் யாரென்று பார்க்காமல் எடுத்துத் தொலைத்துவிட்டார் ஸ்டோர் கீப்பர். காலை பத்து மணிக்கு விமானம் ஏறியிருக்க வேண்டிய மனுஷன், வீட்டு சோபாவில் பனியனோடு மல்லாந்து கிடந்தார்.

"என்னப்பா, போய்ச் சேர்ந்தாச்சா?" மேனேஜர்!

"சேர்ந்தாச்சு சார்!" வாய் முந்திக்கொண்டது.

"மணி ரெண்டுதானே ஆகுது? பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கே. பதினஞ்சு மணி நேரமாவது ஆகாதா?"

ஸ்டோர் கீப்பர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். உலகத்தின் அந்தக் கோடியில் அக்கா மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லி வாங்கிய லீவு அது. அவருக்கு அக்காவே கிடையாது. 'இன்னொரு தடவை பொய் சொல்லி லீவு போட்டா, அப்படியே வீட்டோட இருந்துக்கோ' என்று போன மாசம்தான் மேனேஜர் எச்சரித்திருந்தார். வேலை போனால் சோற்றுக்கு எங்கே போவது?

"அது... நடுவழியில இறக்கிட்டாங்க சார்."

"எதுக்கு?"

"ஒரு பெரியவரோட பல் செட்டைக் காணோம். சீட்டு சீட்டாத் தேடுறாங்க."

"மெதுவாச் சொல்லு. பல்... செட்டு..." அந்தப் பக்கம் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. போச்சு, மெமோவே எழுதுகிறார்!

"அங்க வெயிலா, பனியா?"

"வெயில் சார்" என்றார் இவர். "பனின்னு சொல்லுங்க!" என்று மனைவி தொடையில் கிள்ளினாள். "ஆ! பனியும் பெய்யுது சார். வெயில்லயே பெய்யுது."

"அடேங்கப்பா!" பேனா மறுபடியும் கிறுக்கியது.

"ஏங்க, விமானச் சத்தம் கேட்டாத்தான் நம்புவார்" என்று மனைவி ஓடிப்போய் மிக்ஸியைப் போட்டாள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் இருந்த குக்கர் வீலென்று கத்தியது.

"என்னப்பா அது விசில்?"

"கிளம்புறாங்க சார். கண்டக்... பைலட் விசில் குடுத்துட்டார்!"

"சரி சரி, ஏறு. ராத்திரி ஒரு மணிக்கு இறங்கிடுவியா?"

"நின்ன நேரத்தையும் சேர்த்தா மூணாயிடும் சார்."

"மூணு..." என்று எழுதிக்கொண்டே வைத்துவிட்டார்.

"கெடுத்தியே குடியை!" என்று ஸ்டோர் கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். மனைவி மூக்கைச் சிந்தினாள். அன்று அந்தக் குக்கரை யாரும் திறக்கவே இல்லை.

மறுநாள் காலையில் மறுபடியும் போன் அடித்தது. மேனேஜர் வீட்டு நம்பர். 'உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துட வேண்டியதுதான்' என்று எடுத்தார். பேசியது மேனேஜரின் மனைவி.

"தம்பி, ஆபீஸ் வேலையா உங்க விமானத்துலதான் அவரும் வந்தாராமே! வெயில்லயே பனி பெய்யுற ஊருக்கு ஸ்வெட்டரை மறந்துட்டுப் போயிட்டார், கொஞ்சம் பார்த்துக்குங்க. ஆமா, அந்தப் பெரியவரோட பல் செட்டு கடைசியில கிடைச்சுதா?"